அக்கரைச் சரக்கு

“அந்தக் கெச்சப்பை எடுக்காதே, வெர்னன்...”

“எடுக்கலை லோர்னா, கவுத்துதான் வெக்கிறேன். கடையில எல்லாரும் இப்படித்தான்...”

“இது கடையில்லை, என் சமையலறை.”

வெர்னன் காதில் வாங்கவில்லை. ஆற்றுக்கு அக்கரை அமெரிக்கா, இக்கரை கனடா. அமெரிக்கா வரி போட்ட கோபத்தில், அமெரிக்கச் சரக்கை மற்றவர்கள் அடையாளம் கண்டு வாங்காமலிருக்க, ஊர்க் கடைகளில் யாராவது அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். அந்த வேலையை வெர்னன் இன்று வீட்டிலும் தொடங்கிவிட்டார். லோர்னாவின் காபி டப்பாவும் ஆரஞ்சுச் சாறும் கவிழ்ந்தன.

“சாறு ஒழுகுது பாரு. காலையில நான் என்னத்தைக் குடிக்க?”

“நம்ம ஊரு ஆப்பிள் சாறு குடி. அக்கரையிலேருந்து வந்தது எதுவும் இந்த வீட்டுல நிமிந்து நிக்கக்கூடாது.”

“எதுவுமேவா?”

“எதுவுமே.”

லோர்னா நிதானமாக இழுப்பறையைத் திறந்து, ஒரு விண்ணப்பத்தையும் பேனாவையும் அவர் முன் வைத்தார்.

“நீ அக்கரையிலேருந்து பாலத்தைத் தாண்டி வந்து என்னைக் கட்டிக்கிட்டு நாப்பத்தோரு வருஷம் ஆச்சு. பாஸ்போர்ட் இன்னும் அமெரிக்காவோடதுதான். இப்பவாவது கனடாக் குடியுரிமைக்குக் கையெழுத்து போடுறியா, இல்ல நீயும் தலைகீழா நிக்கிறியா?”