பத்தொன்பது முறை ஏறியவர்

அந்த நூலக அறையில் நால்வர் இருந்தார்கள்: இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிற அம்புஜவல்லியும் ஜெரால்டும், சாவியோடு நின்ற நூலகர், பிறகு செங்கோடன். செங்கோடனைப் பற்றி யாரோ எழுதிய பக்கத்தை வைப்பதா அழிப்பதா என்பதுதான் பேச்சு.

காசு வாங்கிக்கொண்டு ஆட்களைப் பனிமலைக்குக் கூட்டிப்போவது அவர் தொழில். ஒரே சிகரத்தில் பத்தொன்பது முறை நின்றிருக்கிறார். அவர் கொண்டுவந்த செய்தித்தாள் துண்டுகளை ஜெரால்டு புரட்டினான். எல்லாப் படங்களிலும் அவரோடு கூடப்போனவர்கள்தான் கொடி பிடித்துச் சிரித்தார்கள்.

"இதுல நீங்க எங்கிருக்கீங்ணா?"

"போட்டோ எடுத்தது நானுங்க."

"பேரு அச்சுல வந்திருக்கணும். வராத ஆளுக்குப் பக்கம் வெக்க முடியாது."

அம்புஜவல்லி மடிக்கணினியைத் திருப்பினார். "ஒண்ணு கெடச்சிருக்கு. மூணு பத்திரிகைல இவர் பேரோட வந்திருக்கு. இது போதும்."

'கயிற்றை அறுத்தார் வழிகாட்டி செங்கோடன், பெண் பலி.'

செங்கோடன் விரல்களற்ற இடக்கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். தவறி விழுந்து தொங்கியவளின் கயிற்றை அறுக்காவிட்டால், அதில் பிணைத்திருந்த ஐந்து பேரும் போயிருப்பார்கள். அதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

"அப்படின்னா பக்கமே வேண்டாமுங்க. அழிச்சிருங்க. எம் புள்ள படிக்கும்."

"உங்களப் பத்தின பக்கத்துல நீங்க முடிவு சொல்ல முடியாதுங்க," என்றார் அம்புஜவல்லி.

பத்தொன்பது ஏற்றங்களையும் சான்றில்லை என்று நீக்கிவிட்டு, மிஞ்சிய ஒரு வரியை ஜெரால்டு சேமித்தான். அடுத்த பக்கத்தை எடுத்தார்கள்.

செங்கோடன் துண்டுகளை ஒற்றைக் கையால் அடுக்கிக்கொண்டு வெளியேறினார். வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை; இந்தக் கூட்டத்துக்காக மட்டும் திறந்திருந்தது. நூலகர் அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டினார்.