தாழிக்கு மேல் மணல்

நான்கு வழிச் சாலை விலகிப் போகாது என்று முடிவாகிவிட்டது. அவசரமாக எடுத்தால், அதன் பாதையில் தோண்டிய குழியில் கிடைத்த முதுமக்கள் தாழி உடைந்துவிடும். மணல் போட்டு மூடி, சாலைக்கு அடியிலேயே விட்டுவிடலாம் என்று எழுதிக் கொடுத்தவள் அகழாய்வு அலுவலர் செண்பகவல்லிதான். காப்பாற்றுவதும் புதைப்பதும் ஒன்றாகிப்போன அலுப்பில் குழிக்குள் உட்கார்ந்திருந்தாள். மூடும் குழியில் அந்த ஆண்டின் நாணயம் ஒன்றைப் போடுவது வழக்கம். என்றாவது தோண்டுகிறவர்களுக்கு இது முன்பே கை பட்ட மண் என்று தெரிய வேண்டும்.

"யார்கிட்டயாவது காசு இருக்கா?"

மண் சுமக்கும் பேச்சி சிரித்தாள். "டீக்கடையிலயே போனைத்தான் காட்டுறோம். காசுக்கு எங்க போக?"

மேலே ரோலர் உறுமியது. "மேடம், இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார் சாலை இன்ஜினியர்.

செண்பகவல்லி கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினாள். பெயர், படம், ஆண்டு எல்லாம் அதில் இருந்தன. தாழியின் மூடிமேல் வைத்தாள்.

"ஐயய்யோ, உங்களையே பொதைக்கிற மாதிரில்லா இருக்கு மேடம்."

"மணலைப் போடு பேச்சி."

முதல் கூடையில் படத்தின் வாய் மறைந்தது. கண்கள் மட்டும் தெரிந்தன. அடுத்த கூடையைத் தூக்கிய பேச்சி தயங்கினாள்.

"கண்ணை மூடிக்கோங்க மேடம்."

செண்பகவல்லி மூடிக்கொண்டாள்.