கடைக்கு ஒரு கண்காணிப்பாளர்

பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிய பிறகுதான் பூகோள வாத்தியாருக்கு உலகம் எவ்வளவு சின்னது என்று புரிந்தது. எரிமலைகளின் பெயரை ஒப்பிப்பவருக்கு வேலை தர ஒருவரும் தயாராக இல்லை. டாக்சி ஓட்டலாம் என்றால், வழி சொல்ல இப்போது போன் இருக்கிறது. வீட்டிலோ மனைவி, "இன்னிக்கு ஏதாவது ஒரு வேலையோட வாங்க. இல்லேன்னா அப்படியே உங்க அக்கா வீட்டுக்குப் போயிடுங்க" என்று சொல்லித்தான் கதவைச் சாத்தினாள்.

அதனால்தான் இந்த சூப்பர் மார்க்கெட் முதலாளியின் கண்ணாடி அறையில், நாற்காலி நுனியில் பவ்யமாக உட்கார்ந்திருந்தார். திருட்டைத் தடுக்க ஆள் தேவை என்று வாசலில் போர்டு தொங்கியது.

"கேமரா வச்சேன். அதைப் பாக்க ஒரு ஆளையும் வச்சேன். அவன் தூங்கறதுதான் கேமராவுல தெளிவாத் தெரியுது" என்று புலம்பினார் முதலாளி. "ஆனா வாத்தியாரை வச்சு நான் என்ன சார் பண்றது? ஓடுற திருடனை உங்களால துரத்த முடியுமா?"

"ஓடுற வரைக்கும் ஏன் சார் விடணும்? பரீட்சை ஹால்ல நின்னே காலத்தை ஓட்டினவன் நான். பிட் வச்சிருக்கறவன் பேப்பரைப் பாக்க மாட்டான், ஃபேனைப் பாப்பான்."

முதலாளி கொட்டாவி விட்டார்.

வாத்தியார் கண்ணாடி வழியாகக் கடைக்குள் நோட்டம் விட்டார். "அதோ, பச்சைப் புடவை. கையில ஷாம்பு பாட்டில், கண்ணு கூரையில. அந்தப் பையைத் திறந்து பாக்கணும் சார்."

"சும்மா இருங்க. பாத்தா கௌரவமான பொம்பளையாத் தெரியுது."

அதற்குள் வாத்தியார் எழுந்து போய்விட்டார். பாதாம் பாக்கெட், முகத்துக்குப் பூசும் கிரீம், பேட்டரி என்று பைக்குள்ளிருந்து ஒரு குட்டிக் கடையே வெளியே வந்தது. அந்தப் பெண் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"புத்தி கெட்டுப்போய் எடுத்துட்டேன்ணே. மன்னிச்சு விட்டுடுங்க!"

"அதெல்லாம் முடியாது. போலீஸ் வரட்டும்" என்று முதலாளி போனை எடுத்தார்.

வாத்தியாரின் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாம் சார்! போலீஸ் வந்தா வாசல்ல கூட்டம் கூடும். திருட்டு நடக்கற கடைன்னு பேராயிடும். பொருள்தான் கிடைச்சிருச்சே, கண்டிச்சு அனுப்பிடலாம்" என்று ஏறக்குறைய கெஞ்சினார். இவ்வளவு இளகிய மனசை வைத்துக்கொண்டு மனிதர் எப்படித்தான் பிள்ளைகளை மேய்த்தாரோ!

முதலாளி யோசித்தார். ஆளுக்குக் கண்ணும் கூர்மை, வியாபார புத்தியும் இருக்கிறது. அந்தப் பெண்ணைத் திட்டித் துரத்திவிட்டு, திங்கட்கிழமையே வேலையில் சேரச் சொல்லி வாத்தியாரின் கையைக் குலுக்கினார்.

வாத்தியாருக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது, பச்சைப் புடவைக்காரி அங்கே பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வேலை கிடைச்சுதா சார்?"

"கிடைச்சிருச்சு டீச்சர். போலீஸ்னதும் எனக்கு உயிரே போயிடுச்சு. நம்ம ஸ்கூல்ல இத்தனை வருஷமா அறிவியல் எடுத்தவங்களுக்குள்ள இப்படி ஒரு நடிப்பா!"

"அது கிடக்கட்டும் சார். நாளைக்குத் துணிக்கடையில எனக்கு இதே வேலைக்கு இன்டர்வியூ. திருட வர்றப்போ அந்த மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு வாங்க, அதைப் போட்டுக்கிட்டு நீங்க கடையையே தூக்கிட்டுப் போனாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."