ஏறாத முள்

"ரேடியேட்டர்ல போய் யாராவது தீர்த்தத்தை ஊத்துவாளாடி?"

சந்தானகிருஷ்ணன் நடுரோட்டில் நின்று கத்தினார். ஒரத்தநாட்டில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள். நடவு நடந்துகொண்டிருந்த வயல்களுக்கு நடுவே, கார் பானெட்டிலிருந்து புகை குபுகுபுவென்று கிளம்பி வண்டி நின்றுவிட்டது.

ஆனந்தம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியாம பண்ணிட்டேன்னா. திருக்கடையூர்லேர்ந்து கொண்டுவந்த கலசத் தீர்த்தம். பிள்ளை ஆசையாக் குடுத்த வண்டியாச்சே, திருஷ்டி படாம இருக்கட்டும்னு போன வாரம் ஊத்தினேன்."

"மஞ்சள், ஏலக்காய், பச்சைக் கற்பூரம்... அத்தனையும் உள்ள போய் அடைச்சிண்டிருக்கும். கூலன்ட்னு ஒண்ணு எதுக்கு விக்கறான்? பூஜை பண்ணவா?"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. போன மாதம் திருக்கடையூரில் அவர்களுக்கு அறுபதாம் கல்யாணம். சென்னையிலிருந்து வந்த ஒரே பிள்ளை விஸ்வா, தான் ஓட்டிக்கொண்டிருந்த காரின் சாவியை வெற்றிலைத் தட்டில் வைத்து, "இனிமே பஸ்ல அலைய வேண்டாம்ப்பா" என்று நீட்டினான். வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கண்கலங்கினார்கள்.

அன்றிலிருந்து சந்தானகிருஷ்ணன் கண்ணில் படவே தெருவில் பயந்தார்கள். பால் வாங்கப் போகிறவரைக்கூட விடமாட்டார்.

"எண்ணூறு சிசி, மூணு சிலிண்டர், பெட்ரோல். பார்க்கத்தான் சின்னது. லிட்டருக்கு இருபது தரது. இன்னொண்ணு கவனிச்சேளா? எத்தனை தூரம் ஓட்டினாலும், சூடு காட்டற முள் அடியை விட்டு ஏறவே ஏறாது. அப்படி வெச்சிண்டிருந்திருக்கான் என் பிள்ளை!"

சங்கல்பம் சொல்வதுபோல ஒரு வார்த்தை மாறாமல் சொல்வார்.

இன்று வண்டி நின்று புகையைப் பார்த்ததும் முதலில், "குடுக்கறச்சே நன்னாத்தானே இருந்தது. ஒரு மாசத்துல எப்படி..." என்று இழுத்தார். அப்போதுதான் ஆனந்தம் தீர்த்தம் ஊற்றியதைச் சொன்னாள். அப்புறம் கேட்க வேண்டுமா!

அங்கிருந்தே விஸ்வாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அவன் எகிறினான்.

"என்னது, தீர்த்தமா? அம்மாவுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்காப்பா? கல்லு மாதிரி இருந்த வண்டியைக் கெடுத்து வெச்சிருக்காளே! இனிமே அவளை வண்டிப் பக்கமே விடாதே."

ஆனந்தம் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு பஸ்ஸில் போய்ச் சேர்ந்தார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் பெண்டாட்டியின் புத்திசாலித்தனத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் சந்தானகிருஷ்ணன். வெட்கம் கெட்ட சிரிப்பு. அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

தஞ்சாவூரில் ஜாஃபர் சாதிக்கின் ஒர்க் ஷாப்புக்குக் காரைக் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். மறுநாள் சந்தானகிருஷ்ணன் போனபோது இன்ஜின் பிரித்துக் கிடந்தது. அவர் தீர்த்தக் கதையை அங்கேயும் ஆரம்பித்தார். ஜாஃபர் முடிக்க விடவில்லை.

"ஒரு செம்புத் தண்ணியில இன்ஜின் போகாது சார். அம்மாவைத் திட்டாதீங்க."

"பின்னே?"

ஜாஃபர் இறக்கி வைத்திருந்த ஆயிலைக் காட்டினார். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது.

"ஹெட் கேஸ்கெட் போயி, ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. அடிக்கடி சூடேறி ஹெட்டே வளைஞ்சிருக்கு. இது ஒரு மாசத்துல நடந்ததில்ல. ஒழுகலை அடைக்கிற பவுடரை ரேடியேட்டர்ல கொட்டி, எப்படியோ ஓட்டியிருக்காங்க."

"அதெப்படி? முள் ஏறவே இல்லையே!"

"எப்படி சார் ஏறும்?" ஜாஃபர் ஒரு வயரைத் தூக்கிக் காட்டினார். "முள்ளுக்குப் போற வயரை வெட்டிவிட்டு டேப் சுத்தியிருக்காங்க. டேப்பே அழுக்கேறி இறுகிப்போச்சு. யார்கிட்ட வாங்கினீங்க? நல்லா ஏமாத்திட்டாங்க சார்."

சந்தானகிருஷ்ணன் அந்த டேப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"யாரோ... தெரியாத ஆள்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வீடு வரும்வரை மனசு கொதித்தது. பெற்றவனையே ஏமாற்ற எப்படி மனசு வந்தது அவனுக்கு? ஆனால் ஒன்றில் உறுதியாக இருந்தார். ஆனந்தத்துக்கு இது தெரியக் கூடாது. விஸ்வா என்றால் அவளுக்கு உயிர். கேட்டால் தாங்க மாட்டாள். பழி அவள் மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

"மெக்கானிக் என்னன்னா சொன்னார்?"

"வேறென்ன சொல்லுவார்? எல்லாம் உன் தீர்த்தத்தாலதானாம்."

"அதான் நான் சொன்னேனே" என்றாள் ஆனந்தம். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. திட்டு வாங்கியவளுக்கு எதற்கு நிம்மதி என்று அவருக்குப் புரியவில்லை.

கை கால் அலம்பிக்கொண்டு, விபூதி எடுக்கப் பூஜை அலமாரியைத் திறந்தார். ஊதுபத்திக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு பித்தளைச் செம்பு ஒளித்து வைத்திருந்தது. திருக்கடையூரில் சாஸ்திரிகள் வாழையிலையால் வாயை மூடி, நூல் சுற்றிக் கொடுத்த அதே செம்பு. இலை காய்ந்து சருகாகியிருந்தது. நூலை யாரும் அவிழ்க்கவே இல்லை.

தூக்கிப் பார்த்தார். கனத்தது.

"ஆனந்தம்... உனக்கு எப்போ தெரியும்?"

காபியோடு வந்தவள் அவர் கையிலிருந்த செம்பைப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். இனி மறைத்துப் பயனில்லை.

"திருக்கடையூர்லயேன்னா. சாவியைக் குடுக்கறதுக்கு முன்னாடி, மண்டபத்துக்குப் பின்னால நின்னு யார்கிட்டயோ போன்ல பேசிண்டிருந்தான். 'இந்த டப்பாவை எவனும் வாங்க மாட்டேங்கறான்டா, அப்பா தலையில கட்டிடறேன்'னு ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்கறதுக்குள்ள உள்ள வந்து நம்ம கால்ல விழுந்தான்."

அவள் செம்பை வாங்கி மறுபடி அலமாரியில் வைத்தாள்.

"நீங்க அட்சதையைப் போட்டு, 'உனக்கும் உன்னை மாதிரியே ஒரு பிள்ளை பொறக்கட்டும்'னு ஆசீர்வாதம் பண்ணினேள்."