ஆறு வோல்ட் பேட்டரி

"பன்னிரண்டு வோல்ட் எடுங்க டிரைவரே, கார் சட்டுனு கிளம்பும்" என்றார் போடி கடைக்காரர்.

"வேண்டாம் அண்ணாச்சி, ஆறுதான். கூடுனா உள்ள கருகிரும்" என்றார் பாஸ்கல்.

எஸ்டேட் துரையின் காருக்குப் பேட்டரி வாங்கக் கணவர் தன்னை எதற்கு இழுத்துவந்தார் என்று மதலேனம்மாளுக்குப் புரியவில்லை.

சாந்தன்பாறை திரும்பியதும் பாஸ்கல் கார் கொட்டகைக்குப் போகவில்லை. பேட்டரியை வீட்டுக்குள் தூக்கிவந்து, துரை கழித்துக் கொடுத்த ரேடியோப் பெட்டியோடு இணைத்தார்.

கரகரப்பு அடங்கியதும், "பாடுபவர் செல்வி சந்தனமேரி" என்றது பெட்டி.

மதலேனம்மாள் அப்படியே முழங்காலிட்டாள். மெட்ராஸுக்குப் படிக்கப் போய், மூன்று வருஷமாகக் கண்ணில் படாத மகள் வீட்டுக்குள் பாடிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "நாம பேசுனா அவளுக்குக் கேக்குமா?"