ஆளுக்கொரு துண்டு வெல்லம்

கல் உடைக்கிற கிரஷரில் சாயங்காலம் வேலை முடிந்ததும் வாசலில் ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுப்பார்கள். உள்ளே போன தூசியை அது வயிற்றோடு இறக்கிவிடுமாம். என் வீட்டுக்காரர் அதைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டுக்கொள்வார்.

“வெல்லம் போறது வயித்துக்கு. தூசி போனது நுரையீரலுக்கு. ரெண்டுக்கும் வழியே வேறம்மா,” என்றார் அவருடைய ஸ்கேனைப் பார்த்த பெரியாஸ்பத்திரி டாக்டர். உள்ளே தங்கிப்போன தூசி வருடக்கணக்காகப் புண்ணாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது, ஆறாத அந்தப் புண்தான் புற்றாகியிருக்க வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலமே நியாயம் கேட்கக் கிரஷருக்குப் போனேன். வாசலில் வெல்லம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி காரிலிருந்து இறங்கும்போதே மாஸ்க்கை மாட்டிக்கொண்டார். மூக்கோடு அழுந்திப் பிடிக்கிற தடித்த ரகம். என் வீட்டுக்காரர் மூக்கில் கட்டியதெல்லாம் தோளில் கிடந்த பழைய துண்டுதான்.

“நாங்க என்ன குறை வச்சோம், செண்பகம்? ஒருநாள் தவறாம வெல்லம் கொடுத்தோமே,” என்றார் மாஸ்க்குக்குள்ளிருந்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெல்லத் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“அப்போ அதைக் கழட்டிட்டு இதைச் சாப்பிடுங்க.”

நீட்டிய கையை நான் மடக்கவில்லை. வெல்லத்தின் மேல் வெள்ளையாகத் தூசி படிந்தது. வரிசையில் நின்றவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டு அந்த மாஸ்க்கையே பார்த்தார்கள்.