செயின்ட் லூசியாவில் சும்மா இருத்தல்

போகாமலே போய்வந்த நினைவைத் தலையில் ஏற்றித் தரும் அந்தத் திருப்பூர்க் கடையில், மல்லீஸ்வரி மூன்றாவது முறையாகக் கண்விழித்தாள். செயின்ட் லூசியா என்ற கரீபியன் தீவில் நான்கு நாள் ஓய்வு என்று திட்டம். நினைவை நிரந்தரமாக ஏற்றுமுன் ஓட்டிக் காட்டும் முன்னோட்டமே இன்னும் தேறவில்லை. முதல் முறை, விடியுமுன் எழுந்து கடற்கரையில் இருந்த எல்லோருக்கும் டீ போட்டிருந்தாள். அடுத்த முறை, விடுதித் துணிகளை அலசிக் காயப்போட்டிருந்தாள்.

"இப்பவாச்சும் சும்மா உக்காந்திருந்தீங்களாக்கா?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண் ஜாஸ்மின்.

"உக்காந்துதான் இருந்தேன் கண்ணு. ஆனா அரிசியில பொறுக்கற மாதிரி மணல்ல கல்லுப் பொறுக்கிட்டு இருந்தேன்."

"கடலும் மணலுந்தான் நாங்க தர்றது. மத்ததெல்லாம் உங்க பழக்கங்க்கா. இதையே ஏத்திரலாமா?"

மல்லீஸ்வரி இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"இன்னொருக்கா போடு கண்ணு."